புட்டும் சம்பலும் வைத்துக்கொண்டு பேசுகிற கதை: யாழ்ப்பாணப் பின்னணியில் பால் அடையாளம் பற்றிய இளையோர் நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

நான் எழுதிய முதல் பிரதியில் ஒரு காட்சி இருந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை அப்பாவையும் அம்மாவையும் விறாந்தையில் இருத்தி வைத்து, தன் பால் அடையாளம் என்னவென்று மூன்று பக்கத்துக்கு விளக்கும். அம்மா அழுவார். அப்பா எழுந்து போவார். எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வரும் பெடியன் ஒருவனிடம் அதை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு நாளில் கொப்பி திரும்பி வந்தது. "அண்ணை, எங்கடை வீடுகளிலை ஆர் இப்பிடி இருந்து கதைக்கிறது? சாப்பாடு போடேக்கைதான் கதை வரும். அதுவும் பாதியிலை நிண்டிடும்."

அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. யாழ்ப்பாணத்தில் ஆண், பெண் என்பதை யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அது வினைமுற்றின் வாலில் இருக்கிறது, அடையாள அட்டை எண்ணுக்குள் இருக்கிறது, சைக்கிள் பாரில் இருக்கிறது, காணி உறுதியில் இருக்கிறது. கதையை அங்கிருந்து தொடங்கினால் விளக்கவுரைக்கு வேலையே இராது. இளையோர் நாவல் எழுத நினைப்பவர்களுக்காக, நான் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்ற ஒழுங்கை இங்கே தருகிறேன்.

1. பிள்ளைக்கு ஒரு பிறந்த ஆண்டு கொடுங்கள்

உதாரணத்துக்கு என் பிள்ளையையே எடுக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் கவிநயா. வீட்டில் கவி. பெண்ணாகப் பதியப்பட்டவன், தன்னை ஆணாக அறிந்தவன். பிறந்தது 2006.

ஆண்டைச் சும்மா போடவில்லை. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடப்பட்டது. அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தை வைத்திருந்த தாய், பால்மாவுக்கு வரிசையில் நின்றவர். ஊரடங்குக்கு முன் பிள்ளைகளை எண்ணி உள்ளே எடுத்தவர். இன்றைக்கும் ஆறு மணி தாண்டினால் போன் எடுத்து "எங்கை நிக்கிறாய்?" என்று கேட்பது அந்தப் பழக்கம்தான். இந்தவகைக் கதைகளில் தாய் தகப்பனைக் கொடியவர்களாக்குவது சுலபம். ஆனால் கவியின் அம்மாவுக்கு மகன் சொல்வதெல்லாம் ஒரே செய்தியாகத்தான் கேட்கும்: பிள்ளை என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகப்போகுது. இதை விளங்கிக்கொண்டு எழுதினால் அம்மாவின் ஒவ்வொரு "வேண்டாம்" என்பதற்கும் கனம் வரும்.

அடுத்து, பொருட்கள். ஒரு தாளை எடுத்து, பிள்ளையை ஆண் என்றோ பெண் என்றோ ஊர் பிரித்துக் காட்டிய பொருட்களை எழுதுங்கள். என் தாளில் முதலில் வந்தது சைக்கிள். ரியூசனுக்குப் போகிற வயதில் அண்ணனுக்கு பார் வைத்த சைக்கிள், கவிக்கு லுமாலா லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடையோடு. அண்ணன் இல்லாத நேரம் பாருக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏறிப் பார்க்கிறான் கவி. பாவாடை சீற்றில் மாட்டிக் கிழிகிறது. நாவலின் முதல் அத்தியாயம் அதுதான். ஆசை என்ன, தடை என்ன, அதற்கு அம்மாவிடம் என்ன பொய் சொல்லப்படுகிறது, எல்லாம் ஒரு சைக்கிளில் முடிந்துவிட்டது.

இரண்டாவது, வரவேற்பறை அலுமாரியில் இருக்கும் சாமத்திய வீட்டு (பூப்புச் சடங்கு) அல்பம். பதின்மூன்று வயதில் மாமி தண்ணி வார்த்து, சேலை சுற்றி, தலை நிறையப் பூ வைத்து எடுத்த படங்கள். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அந்த அல்பம் வெளியே வரும். கவி அந்த நேரம் என்ன செய்வான்? கோபப்படுவான் என்று எழுதினால் யாரும் எழுதலாம். என் கவி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போய்விடுவான். நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவான்.

மூன்றாவது, நல்லூர்க் கந்தசுவாமி கோயில். 25 நாள் திருவிழாவில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம். ஆணாக வாழ விரும்பும் கவிக்கு உள்ளே போக வழியில்லை. பெண்ணாகப் போக மனமில்லை. அப்படியானால் தேர் நாளன்று அவன் எங்கே நிற்பான்? வெளிவீதி மணலில், ஐஸ்கிரீம் கடைகளுக்குப் பக்கத்தில், சனத்தோடு சனமாக. ஒரு சொல் விளக்காமல் அவன் இடத்தை அந்த மணல் சொல்லிவிடும்.

2. வினைமுற்றை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தமிழில் "வந்தான்", "வந்தாள்" என்று ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் பால் வந்து உட்கார்ந்துவிடும். தப்ப முடியாது. ஆனால் முழுக்கக் கட்டிப்போடவும் இல்லை. "நான் வந்தேன்", "நீ வந்தாய்" இரண்டிலும் பால் கிடையாது. "வந்த பிள்ளை" என்று பெயரெச்சத்தில் சொன்னாலும் கிடையாது.

எனவே வழிகள் மூன்று. ஒன்று, கவியே சொல்கிற தன்மைக் கதை. கதைசொல்லியின் பால் நூறு பக்கத்துக்கு வெளியே தெரியாமல் போகலாம், மற்றவர்கள் அவனைக் கூப்பிடும்போது மட்டும் தெறிக்கும். இரண்டு, படர்க்கையில் முதல் வரியிலிருந்தே "அவன்". ஊர் "அவள்" என்னும், கதைசொல்லி "அவன்" என்பார். வாசகர் நாலு பக்கம் குழம்பட்டும், குழப்பம் நல்லது. நான் இதைத்தான் எடுத்தேன். மூன்று, "அவர் வந்தார்" என்று பலர்பாலில் சொல்வது. ஆண், பெண் இரண்டிலும் அடங்காத பிள்ளையை எழுதுபவர்களுக்கு இதுதான் முதலில் தோன்றும்.

அந்த மூன்றாவது வழியில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு பொறி இருக்கிறது. எழுத்துத் தமிழில் "அவர்" இருபாலுக்கும் பொது. எங்கள் பேச்சில் அப்படியில்லை. மரியாதைக்குரிய பெண்ணுக்கு "அவ", ஆணுக்கு "அவர்". "ரீச்சர் வந்தவ", "சேர் வந்தவர்." ஆகவே கதையோட்டத்தில் "அவர்" பொதுவாக நிற்கும், அதே சொல்லை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தால் யாழ்ப்பாணக் காதுக்கு அது ஆணாகக் கேட்கும். இதை மறந்து உரையாடல் எழுதினால், பிள்ளையை விளங்கிக்கொண்ட தோழி கூடப் பிழையாகக் கூப்பிடுவது போல ஆகிவிடும். அல்லது அந்தப் பிழையையே காட்சியாக்கலாம்.

"அது" என்ற சொல்லில் இன்னும் கவனம். சின்னப் பிள்ளையை "அது படுத்திட்டுது" என்று சொல்வது எங்கள் வீடுகளில் செல்லம். அதே "அது" வளர்ந்த திருநரை, அதாவது பிறப்பில் பதிந்த பாலிலிருந்து வேறான பால் அடையாளம் கொண்டவரை, நோக்கி வந்தால் கல்லெறி. ஒரே பாட்டி ஒரே சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லக்கூடியவர். இலக்கணமோ இதில் எப்போதோ தெளிவு. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்த பெயர்களுக்கென்று தனி ஈறு இல்லை, அவை உயர்திணைப் பால் ஈறுகளையே கொள்ளும் என்கிறது. தெய்வப் பெயர்களையும் அதே நூற்பாவில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்கிறது. கவியின் தமிழ் வாத்தியார் வகுப்பில் இதை வாசித்துவிட்டு அவசரமாக அடுத்த நூற்பாவுக்குப் போவதாக ஒரு அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அம்மம்மாமாரையும் விட்டுவிடாதீர்கள். பேத்தியை "என்ரை ராசா" என்று கொஞ்சுகிற அம்மம்மா எத்தனை பேர்! கவி மூன்று வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஆண்பால் அந்த ஒன்றுதான். நான் அதைத் தொட்டுக் காட்டவில்லை. அம்மம்மா கூப்பிடுகிறார், அவன் ஓடுகிறான், அவ்வளவு.

3. பெயரிடும் சொற்கள்

திருநங்கை (ஆணாகப் பதியப்பட்ட பெண்), திருநம்பி (பெண்ணாகப் பதியப்பட்ட ஆண்), இவர்களுக்குப் பொதுவாகத் திருநர், பால்புதுமையர் (வழக்கமான பால், ஈர்ப்பு வகைகளுக்குள் அடங்காதவர்), தன்பாலீர்ப்பு (தன் பாலினர்மேல் வரும் ஈர்ப்பு). இவற்றில் பல தமிழ்நாட்டில் பிறந்து எங்களிடம் வந்தவை. பயன்படுத்துங்கள், தயக்கம் வேண்டாம். ஆனால் கவி பன்னிரண்டு வயதில் "நான் திருநம்பி" என்று நினைக்க மாட்டான். அந்தச் சொல் அவனுக்குப் போனில், இரவில், போர்வைக்குள் கிடைக்கும். எத்தனையாவது அத்தியாயத்தில் கிடைக்கிறது என்பதைத் திட்டமிட்டு வையுங்கள்.

சொல்லை எடுங்கள், வாழ்க்கையைத் தூக்கி வராதீர்கள். திருநங்கைகள் குடும்பம்போலச் சேர்ந்து வாழும் ஜமாத்தும் அவர்கள் கூடும் கூவாகம் திருவிழாவும் தமிழ்நாட்டுத் திருநங்கைகளின் உலகம். அந்த அமைப்பை மானிப்பாயில் கொண்டுவந்து நட்டால் ஊர்க்காரர் முதல் பக்கத்திலேயே மூடிவைப்பார்கள். எங்களுடைய தனிமை வேறு மாதிரி. அண்மை ஆண்டுகளில் யாழ்ப்பாண நகரத்திலும் வானவில் கொடியோடு ஊர்வலம் போயிருக்கிறது. அதைக் கவி மினிபஸ் யன்னலால் பார்க்கிறானா, அதில் நடக்கிறானா என்பது உங்கள் கையில்.

4. அட்டையும் சட்டமும்

இலங்கை அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். ஆணாகப் பதிந்திருந்தால் கவிக்கு 137. அவன் அட்டையில் இருப்பது 637. படத்தை மாற்றலாம், முடியை வெட்டலாம், அந்த 500 அங்கேயே இருக்கும். எண்ணைப் பார்க்கத் தெரிந்த எவரும், பாங்க் கவுண்டரில் இருப்பவரிலிருந்து சிம் கார்ட் விற்பவர் வரை, நிமிர்ந்து முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள். அந்த நிமிர்வை எழுதுங்கள்.

மாற்ற வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி, மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பிறகு பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். பிறகு அடையாள அட்டை. சொல்ல மூன்று வசனம். ஒரு பிள்ளைக்கு அது எத்தனை கிளினிக் நாள், எத்தனை வரிசை, எத்தனை பேருக்கு முன்னால் பெயர் கூப்பிடப்படுவது என்று நினைத்துப் பாருங்கள். அட்டை விண்ணப்பம் விதானையாரிடமும் (கிராம அலுவலர்) போக வேண்டும். விதானையார் அப்பாவோடு படித்தவர். இதற்கு மேல் நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்?

காதல் பகுதி எழுதமுன் தண்டனைச் சட்டக் கோவையையும் அறிந்து வையுங்கள். 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபால் உறவைக் குற்றமாக்குகின்றன. 1995 திருத்தத்தோடு 365அ பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. 2023 மே மாதம், இவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் சட்டமாகாமலே 2024இல் நாடாளுமன்றம் கலைந்தது. திருநராக இருப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாத பாத்திரங்கள் கதைக்குள் இருக்கலாம், தெரியாத எழுத்தாளர் இருக்கக் கூடாது.

5. வீடு யாருக்கு?

இதை நான் கடைசியில்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பிறகு நாவல் தன்பாட்டில் ஓடியது.

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்று தனிச் சட்டம் இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தது. சீதனம் அதன் முதுகெலும்பு. மகளுக்கு வீடு, காணி எழுதிக் கொடுப்பது இன்றைக்கும் இருக்கிற நடைமுறை. திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்க வேண்டுமானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்.

கவியின் வீட்டில் கனடா மாமாவின் காசில் கட்டிய வீடு. மேல்மாடிச் சுவர் இன்னும் பூசவில்லை. அது கவிநயாவுக்கென்று எல்லாருக்கும் தெரியும். சரி, கவிநயா கவி ஆனால்? உடல், மனம், அடையாளம் பற்றியெல்லாம் குடும்பம் கேட்கமுன், மாமி போனில் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அப்ப வீடு ஆருக்கு?"

வாசித்துப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அமைதியானார்கள். கவியும் ஒரு கணக்குப் போடுகிறான். மகளாக இருந்தால் வீடு, மகனானால் தெரு. அவனுக்கு அந்த வீட்டின் மேல்மாடி பிடிக்கும். அங்கிருந்து பார்த்தால் பனங்கூடல் தெரியும். நொத்தாரிசு கந்தோரில் (பத்திரம் எழுதுபவரின் அலுவலகம்) உறுதி எழுதும் நாள் குறித்தாகிவிட்டது. பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவன் வாய் திறக்க வேண்டும். நாவலின் உச்சக் காட்சி விறாந்தையிலிருந்து அந்தக் கந்தோருக்கு இடம்பெயர்ந்தது இப்படித்தான்.

6. அன்பை "நீர்" என்று எழுதுங்கள்

தமிழ்நாட்டு வாசகர் பொறாமைப்படக்கூடிய ஒன்று எங்களிடம் இருக்கிறது. "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவில் "நீர்". வாத்தியார் மாணவரோடும், புதிதாகப் பழகும் நண்பர்களும், காதலர்களும் பேசுவது. கவி கணினி வகுப்பில் சந்திக்கும் பெண் முதல் மாதம் "நீங்கள்" என்பாள். பிறகு ஒருநாள் வட்ஸ்அப்பில் "சாப்பிட்டீரா?" என்று வரும். அந்த ஒரு சொல்லைக் கவி ஐந்து தரம் திறந்து பார்ப்பான். முத்தத்தை விட எனக்கு அது பெரிய காட்சி. "நீர்"க்கு வினையிலும் பால் இல்லை என்பது இன்னொரு கொடை. தன்னை எதற்குள்ளும் அடைக்காமல் ஒருத்தி பேசுகிறாள் என்று அவன் உணர்வதற்கு இலக்கணமே போதும்.

காதலர்களுக்குப் பதினெட்டு முடிந்திருக்கட்டும். நெருக்கத்தை வாசற்படியோடு நிறுத்துங்கள். இளையோர் கதைக்கு அதுவே தாராளம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சாதி வராத யாழ்ப்பாணக் காதல் கதை பொய்க்கதை. பெண்ணின் வீட்டார் கவியின் உடலைப் பற்றிக் கேட்கமுன் அவன் ஊரையும் குறிச்சியையும் கேட்பார்கள்.

7. புறப்படுதல்

யாழ்ப்பாணத்தின் வாசலான ஆனையிறவைத் தாண்டும்போது பஸ் யன்னலில் தலை சாய்த்து அழுத நாயகர்கள் போதும். இரவு பஸ்ஸில் கவியை நித்திரையாக்குங்கள். அவன் விழிப்பது கொழும்பில், வெள்ளவத்தையில், போடிங் (தங்கும் வாடகை அறை) தேடும்போது.

அங்கேதான் சிக்கல். போடிங்குகள் லேடீஸ், ஜென்ஸ் என்று பிரிந்திருக்கும். லேடீஸ் போடிங்கில் அட்டையைக் காட்டினால் இடம் கிடைக்கும், கண்ணாடியில் தன்னைப் பார்க்க முடியாது. ஜென்ஸ் போடிங்கில் முகத்துக்கு இடம் கிடைக்கும், அட்டையைக் கேட்டால் முடிந்தது. வீட்டுக்கார அன்ரி அட்டையின் போட்டோக் கொப்பி கேட்டு, "நாளைக்குத் தாறன்" என்று கவி ஆறு நாள் இழுப்பதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. சிரிப்பும் பயமும் கலந்து வர வேண்டும்.

சுதந்திரம் என்பதைப் பெரிய சொல்லாக எழுதாமல் சாவியாக எழுதினேன். ஊர் வீட்டில் அறைக்குக் கதவு உண்டு, ஆனால் பகலில் திரைச்சீலைதான், கதவைச் சாத்தினால் "உள்ளுக்கை என்ன செய்யிறாய்?" என்று குரல் வரும். வெள்ளவத்தையில் முதல் இரவு அவன் கதவைப் பூட்டுகிறான், திறக்கிறான், திரும்பப் பூட்டுகிறான். பிறகு முதல் சம்பளம். சம்பளத் தாளில் ஊழியர் சேமலாப நிதிக்கு அவனிடமிருந்து 8 வீதம் வெட்டியிருக்கும், முதலாளி 12 வீதம் போட்டிருப்பார், மேலே "செல்வி கவிநயா" என்று அச்சடித்திருக்கும். காசு அவனுடையது, தாள் அவனுடையதல்ல. அதை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு கொத்துரொட்டி சாப்பிடப் போகிறான்.

8. திருத்துவது எப்படி

முதல் பிரதியில் எங்கெல்லாம் பாத்திரம் தன்னை விளக்குகிறதோ அங்கெல்லாம் சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள். பிறகு கோடு போட்ட ஒவ்வொன்றையும் ஒரு சாப்பாட்டு நேரமாக மாற்றிப் பாருங்கள். என் பழைய வரி இது:

"அம்மா, நான் சிறு வயதிலிருந்தே என்னை ஆணாகத்தான் உணர்ந்தேன். தயவுசெய்து என்னைப் புரிந்துகொள்ளுங்கள்."

இப்போது நிற்பது இது:

அம்மா புட்டைக் கொட்டி மூடினார்.
"தலைமயிரை ஏன் வெட்டினனி?"
"வெக்கை."
"மாமி கேட்டவ. பேன் எண்டு சொன்னனான்."
கவி சம்பலைத் தள்ளி வைத்தான். "பேன் இல்லையம்மா."
"தெரியும்," என்றார் அம்மா. "சாப்பிடு."

நீளம் 30,000 சொல்லுக்குள் இருந்தால் ஏ.எல் பிள்ளைகள் பரீட்சைக்கு நடுவிலும் வாசிப்பார்கள். யாழ்ப்பாணப் பேச்சை உரையாடலில் வையுங்கள், கதையோட்டத்தை எழுத்துத் தமிழில் ஓட விடுங்கள். பழைய காலப் பேச்சு வேண்டுமென்றால் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துச் சஞ்சிகைகள் குவிந்து கிடக்கின்றன.

உண்மையான திருநர் ஒருவரோடு பேசாமல் அச்சுக்குப் போகாதீர்கள். பேசினால் அவர் சொன்ன சம்பவத்தை அப்படியே எடுக்காதீர்கள். எங்கள் ஊர்கள் சின்னவை. "சந்தைக்குப் பின்னால், நீலக் கேற் வீடு" என்று எழுதினால் போதும், பத்து நிமிடத்தில் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், அண்ணனைத் தங்கச்சியாக்குங்கள், எழுதியதை அவரிடம் காட்டி ஓம் வாங்குங்கள். ஓம் வராவிட்டால் அந்தப் பக்கம் போகட்டும்.

அட்டைப்படத்துக்கு வானவில்லும் பாதி முகமும் வேண்டாமென்று சொன்னேன். ஒரு சைக்கிள் போதும் என்றேன். ஓவியர் போன கிழமை அனுப்பியிருந்தார். நல்ல வடிவான சைக்கிள், பனை, மணல், எல்லாம் இருந்தது. ஆனால் லேடீஸ் சைக்கிள், முன்னால் கூடையோடு. பார் போட்டுத் தரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.